விருச்சிக ராசி, நீசச் சந்திரன்: பௌர்ணமிதோறும் மனசு கலங்குவது அதனால்தானா?

நீங்கள் கேட்டிருப்பது: விருச்சிக ராசி, ஜாதகத்தில் சந்திரன் நீசம் (பலம் குன்றிய நிலை), பௌர்ணமிக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே படபடப்பு, காரணம் தெரியாத அழுகை, இது ஜாதகத்தின் வேலைதான் என்று ஜோதிடர் சொல்லிவிட்டார், நிஜமா?

நிலாவுக்குக் கொஞ்சம் பங்கு இருக்கலாம், அதுவும் தூக்கம் வழியாக. ஜாதகம் வழியாக இல்லை. எனக்கும் விருச்சிகம்தான், கேட்டை நட்சத்திரம், அதனால் இதைச் சொல்ல எனக்குப் பயம் ஒன்றும் இல்லை.

ஜோதிடத்தை அதன் கணக்கிலேயே பார்ப்போம். சந்திரன் மனோகாரகன், அதாவது மனசுக்கு உரிய கிரகம், விருச்சிகத்தில் நீசம், சரி. ஆனால் அதே சாஸ்திரம்தான் தேய்ந்த சந்திரனைப் பாவர் (கெடுதல் செய்பவர்) என்றும் பூரணச் சந்திரனைச் சுபர் (நல்லது செய்பவர்) என்றும் சொல்கிறது, அதாவது பௌர்ணமி என்பது சந்திரன் முழு பலத்தோடு இருக்கிற நாள். இன்னொன்று, பௌர்ணமி என்றால் சூரியனுக்கு நேர் ஏழாம் ராசியில் சந்திரன் நிற்கிறான் என்று அர்த்தம். வானத்துப் பௌர்ணமிச் சந்திரன் விருச்சிகத்துக்கு வருவது சூரியன் ரிஷபத்தில் இருக்கும் வைகாசியில், விசாகத்தை ஒட்டித்தான். கார்த்திகைப் பௌர்ணமிக்கு அவன் ரிஷபத்தில் உச்சம். நம் ராசிக்குச் சந்திராஷ்டமம், அதாவது சந்திரன் எட்டாம் ராசியில் நிற்கிற நாட்கள், மிதுனத்தில், அது பௌர்ணமியோடு சேருவது மார்கழித் திருவாதிரை சமயத்தில். மற்ற மாதங்களில் வருகிற அழுகைக்கு அந்த ஜோதிடர் என்ன கணக்கு வைத்திருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

எனக்கு இதெல்லாம் தெரியவந்தது என் தாய்மாமாவால். அவர் வீடு சேரன்மகாதேவி பக்கம். நவகைலாயம் என்கிற ஒன்பது சிவன் கோயில்களில் சந்திரனுக்கு உரிய தலம் சேரன்மகாதேவிதான், அதனால் அந்தப் பக்கத்தில் ஒருத்தருக்கு மனசு சரியில்லை என்றால் முதல் வைத்தியம் எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கம் கிறுக்கைக் கோட்டி என்பார்கள். 'அமாவாசை பவுர்ணமி வந்தா அவருக்குக் கோட்டி கூடிரும்' என்று தெருவே சொல்லும், நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

சின்ன வயதில் ஒரு ராத்திரி நானே பார்த்திருக்கிறேன். நிலா வெளிச்சம் முற்றம் முழுக்கக் கிடந்தது. மாமா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, முன் சக்கரத்தைக் கழற்றி, பால்ரஸ்களை ஒரு தேங்காய்ச் சிரட்டை மண்ணெண்ணெயில் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய சாரத்துணியில் (லுங்கியில்) துடைத்து, நிலாவுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி இரண்டு இருக்கும். 'என்னல முழிச்சிட்டே, இங்க வா, இத பிடி' என்று என்னையும் கூப்பிட்டார், அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். மறுநாள் கடையில் யாரோடோ கைகலப்பு.

அப்புறம் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். பைபோலார், அதாவது மனம் ஒரு சமயம் உச்சத்துக்கும் ஒரு சமயம் பாதாளத்துக்கும் போகிற நோய் என்றார். அத்தை வழக்கம்போல பௌர்ணமிக் கதையைச் சொன்னாள். அவர் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. 'ராத்திரி எத்தன மணிநேரம் தூங்குதாரு?' என்று மட்டும் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்.

அத்தை தினமும் கிழிக்கிற காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தூங்கிய மணியை எழுத ஆரம்பித்தாள், முன்பக்கத்தில் திதியும் சந்திராஷ்டமமும் ஏற்கெனவே அச்சாகி இருக்கிறதே. எட்டு மாதத் தாள்களை ரப்பர்பேண்டு போட்டுக் கொண்டுபோனோம். அதற்குள் மாமாவுக்கு மூன்று தடவை மோசமாகியிருந்தது. ஒன்று அவர் மகள் நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு. ஒன்று சுடலைமாடன் கொடை முடிந்து, வில்லுப்பாட்டும் சாமக்கொடையும் பார்த்து மூன்று ராத்திரி முழித்த பிறகு. ஒன்று பங்குனி உத்திரம், அது மட்டும்தான் பௌர்ணமி. மூன்றுக்கும் முந்தைய தாள்களில் 3, 2, 3 என்றே மணி எழுதியிருந்தது. நோயும் தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டாலும் நோய் கிளம்பும் என்று டாக்டர் அப்போது விளக்கினார்.

யோசித்தால், நம் ஊரில் பௌர்ணமி என்ன சும்மாவா வருகிறது? சித்ரா பௌர்ணமி, வைகாசி விசாகம், தைப்பூசம், பங்குனி உத்திரம் எல்லாமே அதை ஒட்டித்தான். உத்திரத்துக்கு எங்கள் சாஸ்தா கோயிலுக்கு வேனில் போய், பொங்கலிட்டு, விடிய விடிய முழித்திருந்து, விரதம் என்று மாமா இரண்டு வேளை மாத்திரையையும் விட்டிருக்கிறார். பழி நிலா மேல்.

ஆராய்ச்சியில் என்ன சொல்கிறார்கள் என்றால், 1985-ல் ராட்டன், கெல்லி என்ற இருவர் அதுவரை வந்த 37 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, மனநல மருத்துவமனைச் சேர்க்கைக்கோ குற்றங்களுக்கோ பௌர்ணமியோடு பொருட்படுத்தும்படி தொடர்பு இல்லை என்றார்கள். ஆனால் தூக்கத்தில் ஏதோ இருக்கிறது. 2013-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 33 பேரை நிலா வெளிச்சம் எட்டாத ஆய்வறையில் தூங்கவைத்துப் பார்த்த பழைய பதிவுகளை அலசியபோது, பௌர்ணமியை ஒட்டி சுமார் 20 நிமிடம் தூக்கம் குறைந்திருந்தது. 2021-ல் அர்ஜென்டினாவின் பழங்குடிக் கிராமங்களில் பார்த்தபோது, பௌர்ணமிக்கு முந்தைய சில இரவுகளில்தான் மக்கள் லேட்டாகப் படுத்தார்கள், குறைவாகத் தூங்கினார்கள். நீங்கள் சொல்லும் 'இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே' என்பது இதோடு ஒத்துப்போகிறது, அதனால் உங்கள் அனுபவம் பொய் என்று நான் சொல்லவே மாட்டேன்.

உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், கடலையே இழுக்கிற நிலா நம்மை இழுக்காதா என்று வாட்ஸப்பில் வருவதை மட்டும் நம்பாதீர்கள். திருச்செந்தூரில் கடல் ஏறி இறங்கும், நயினார்குளத்தில் பௌர்ணமிக்கு அலை ஏறி யாராவது பார்த்ததுண்டா? குளமே அசையாதபோது நாம் எம்மாத்திரம். தவிர அமாவாசைக்கும் அதே அளவு இழுப்பு உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது, இரண்டு மாதம் தூங்கிய மணியையும் மனசு எப்படி இருந்தது என்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், அதுவரை காலண்டரைப் பார்க்காதீர்கள். இது முக்கியம், ஏனென்றால் பௌர்ணமி வருகிறது என்று தெரிந்தாலே பாதிப் படபடப்பு வந்துவிடும், எனக்கு அப்படித்தான் இருந்தது. பிறகு நோட்டையும் காலண்டரையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். பெண் என்றால் மாதவிலக்குத் தேதியையும் குறியுங்கள், அதுவும் நிலாவும் கிட்டத்தட்ட ஒரே கால அளவில் ஓடுவதால் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்வது சுலபம். அழுகை இரண்டு வாரம் தொடர்ந்தாலோ, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தாலோ நோட்டெல்லாம் அப்புறம், அன்றைக்கே 14416-க்குப் போன் போடுங்கள். அரசின் டெலி மானஸ், இலவசம், தமிழில் பேசலாம்.

பரிகாரம் வேண்டாமா என்றால், மனசுக்கு நிம்மதி தந்தால் செய்யுங்கள், கடன் வாங்கி முத்து மோதிரம் மட்டும் போடாதீர்கள். அத்தை இன்னும் திங்கட்கிழமை தவறாமல் சேரன்மகாதேவி கோயிலுக்குப் போகிறாள். மாமா கூடப் போவதில்லை, ஒன்பது மணிக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு, ஜன்னலில் ஒரு சாரத்தைத் தொங்கவிட்டுப் படுத்துவிடுகிறார்.