பிள்ளைய சர்க்கஸுக்கு கூட்டிட்டுப் போலாமா? அக்காகிட்ட கேளுங்க

அக்கா, எங்க ஊர்ப்பக்கம் சர்க்கஸ் கூடாரம் போட்டுருக்காவ. மகனுக்கு மூணு முடிஞ்சு நாலு நடக்கு. வீட்டுக்காரவிய கூட்டிட்டுப் போவோம்னு ஒரே பிடியா நிக்காவ, எங்க அத்தை "பச்சப்பிள்ள பயந்துரும், பொறவு ராத்திரி தூக்கத்துல துள்ளி விழும்"னு சொல்லுதாவ. கோயில் கொடை வெடிக்கே காதப் பொத்திக்கிட்டு அழுத பிள்ள. போலாமா வேண்டாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

போங்கம்மா, தாராளமா போங்க. அத்தை சொல்லுததையும் ஒரேயடியா தள்ளிராதிய, பயம் வரத்தான் செய்யும். ஆனா நாம நினைக்க எடத்துல வராது. மேல பார்ல ஆள் தாவும்போது நமக்குத்தான் ஈரக்கொல பதறும், விழுந்தா என்னாவும்னு நமக்குத் தெரியும்லா, பிள்ளைக்கு அந்தக் கவலை கெடையாது, அது பாட்டுக்கு கை தட்டும். அலறுதது எப்பன்னா பொசுக்குன்னு லைட்ட அணைக்கும்போது, ஸ்பீக்கர் காதுக்குள்ள வந்து கத்தும்போது, அப்புறம் இந்த ஜோக்கர் பக்கத்துல வந்து மூஞ்சிய நீட்டும்போது.

ஜோக்கர் தூரத்துல இருந்தா சிரிப்பு, கிட்ட வந்தா பேய். மூணு நாலு வயசுல மூஞ்சி மாறிட்டுன்னா ஆளே மாறிட்டுன்னுதான் தோணும். ரீட்டா டெவ்ரீஸ்னு ஒரு அம்மா பூனைக்கு நாய் முகமூடி மாட்டி பிள்ளைங்ககிட்ட காட்டி ஆராய்ச்சி பண்ணி 1969ல எழுதுனாவ, மூணு வயசுப் பிள்ளைங்க நெறைய பேரு அது நெசமாவே நாயாயிட்டுன்னு நம்பிட்டுதாம். அதனால போறதுக்கு முந்தின நாளு உங்க வீட்டுக்காரவிய மூஞ்சில பவுடர அப்பி, மூக்கு நுனில குங்குமத்த வச்சி, பையன் பாக்கப் பாக்க வேஷம் போடுங்க, பொறவு அவன் கையில துண்டக் குடுத்து அவனையே தொடைக்கச் சொல்லுங்க. உள்ள இருக்கது அப்பாதான்னு அவனே கண்டுபிடிக்கட்டும். (கூட்டிட்டுப் போவோம்னு பிடிவாதம் பிடிக்கது அவியதான, இதக் கூட செய்யட்டும்.)

சீட்டு விஷயம். காசு கூடப்போட்டு முன் வரிசை எடுக்காதிய, ஜோக்கர் நேரா அங்கனதான் வருவான். அதுக்காக பொறத்தால பலகை கேலரிக்கும் போயிராதிய, பலகைக்கும் பலகைக்கும் நடுவுல சந்து இருக்கும், குனிஞ்சா கீழ தரை தெரியும், யாரோ விட்ட ஒத்தச் செருப்பு கெடக்கும், சின்னக்கால் சுளுவா நுழைஞ்சிரும். நடுவுல நாற்காலி, அதுவும் வரிசை ஓரம், வாசல் பக்கம். உக்காருமுன்ன ஸ்பீக்கர எங்கன கெட்டிருக்கான்னு ஒரு பார்வை பாத்துக்கோங்க.

பொதுவா ஒரு மணி, நாலு மணி, ஏழு மணின்னு ஷோ இருக்கும். நம்மூரு வெயிலுக்கு மத்தியான ஷோல கூடாரத்துக்குள்ள அவிஞ்சிரும், ஏழு மணின்னா பிள்ள தூக்கத்துக்கு சிணுங்கும், ஒரு தூக்கம் போட்டு எழும்புன பொறவு நாலு மணி ஷோதான் தோது. இரும்பு வலைக் கூண்டுக்குள்ள பைக் ஓட்டுத ஐட்டம் வரும் பாருங்க, அந்த சைலன்சர் சத்தத்துக்கு கொடை வெடியே தேவலன்னு ஆயிரும், பெட்ரோல் புகை வேற. பைக்க உருட்டிட்டு வரும்போதே பிள்ளையத் தூக்கிட்டு வெளிய போயி பஞ்சுமிட்டாய் வாங்கிக் குடுத்துட்டு பையத் திரும்பி வாங்க. வரமாட்டேன்னு அழுதா வீட்டுக்குப் போயிருங்க. டிக்கெட் காசு போச்சேன்னா சவம் போவட்டும், "பயந்தாங்கொள்ளி"ன்னு மட்டும் நாலு பேர் முன்னால சொல்லிராதிய.

சிங்கம், புலி, யானை எல்லாம் பாக்கலாம்னு பேரன்கிட்ட சொல்லிட்டேன். இப்ப சர்க்கஸ்ல அதெல்லாம் கெடையாதுன்னு மருமக சொல்லுதா. நெசந்தானா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

நெசந்தான் அண்ணாச்சி. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இந்த அஞ்சையும் வச்சி வித்தை காட்டக்கூடாதுன்னு 1998ல மத்திய அரசு ஆர்டர் போட்டுட்டு, சர்க்கஸ்காரங்க கோர்ட்டுக்குப் போயிப் பாத்தாவ, 2001ல சுப்ரீம் கோர்ட்டும் ஆர்டர் சரிதான்னுட்டு. 2013ல மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் யானையும் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டு. பேரன்ட்ட இப்பவே சொல்லிருங்க, அங்க போயி "யானை எங்க?"ன்னு கேட்டு அழுதான்னா உங்களாலயே சமாளிக்க முடியாது. நம்ம நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதியும் 2025 ஜனவரில செத்துப் போயிட்டு, அங்கயும் காட்ட முடியாது.

மனுஷன் பண்ணுத வித்தையச் சொல்லி ஆசை காட்டுங்க. தலச்சேரில கீலேரி குஞ்ஞிக்கண்ணன்னு ஒருத்தர் 1901லயே சர்க்கஸ் சொல்லிக்குடுக்க பள்ளிக்கூடம் வச்சவரு, அங்க இருந்து கெளம்புன ஆட்கள்தான் ஊரு ஊரா கூடாரம் அடிச்சாவ. சிங்கம் இல்லன்னா என்ன சர்க்கஸுன்னு நீங்க முணுமுணுக்கது கேக்கு. அத பேரன் காதுல போடாதிய.

சர்க்கஸ் பாத்துட்டு வந்ததுல இருந்து அஞ்சு வயசு மக கட்டில்ல இருந்து குதிக்கா, தம்பி தொட்டில் சேலைல தலகீழா தொங்குதா. அடிச்சும் பாத்தாச்சு.
– வாசகி, தென்காசி

அடிக்காதிய தாயி, அடிச்சா நீங்க இல்லாத நேரத்துல தொங்குவா. பாத்தத செஞ்சு பாக்கத்தான் செய்யும். மெத்தைய தரையில இழுத்துப் போட்டு நீங்க பக்கத்துல இருக்கும்போது குட்டிக்கரணம் அடிக்கச் சொல்லுங்க, கீழ வலை கெட்டுன பொறவுதான் அவியளே மேல ஏறுனாவன்னு ஞாபகப்படுத்துங்க. தொட்டில் சேலைய மட்டும் தம்பி எழும்புன உடனே கொக்கில இருந்து அவுத்து எடுத்துருங்க. விளையாட்டுல அது கழுத்துல சுத்திட்டுன்னா பிள்ளையால கத்தக்கூட முடியாது, அடுக்களைல நிக்க உங்களுக்கு கேக்காது.