எம்.காம். முடித்தவர் பி.எட். படிக்க நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 33. ஊர் கொழிஞ்சாம்பாறை. பாரதியார் பல்கலைக்கழகத்தில் எம்.காம்., 58 சதவீதம். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சம்பளம் 19,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 13,000. வருகிற மே மாதத்தோடு 5 வருஷம் ஆகும். டீச்சர் வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசை. ஒரு தனியார் கல்லூரியில் 2 வருஷ பி.எட்.டுக்கு 1,20,000 ரூபாய் கேட்கிறார்கள். மார்ச்சில் வேலையை விட்டுவிட்டு, 6 பவுனை வைத்து 2 லட்சம் வாங்கலாமா? ஒரே தவணையில் கட்டுகிற நகைக்கடன், வட்டி 12 சதவீதம் என்கிறார்கள்.

பதில்: பி.எட். படியுங்கள், அதில் தப்பில்லை. மார்ச்சில் வேலையை விடுவதும், இந்த நகைக்கடனும்தான் சரியில்லை.

முதலில் வேலை. 5 வருஷம் நிறைந்தால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. 13,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 7,500. ஐந்து வருஷத்துக்கு 37,500 ரூபாய். இரண்டு மாத அவசரத்துக்காக இதை விட வேண்டாம். 5 வருஷம் நிறைந்த தேதி தாண்டியபிறகு ராஜினாமா கடிதம் கொடுங்கள். கடைசி வேலை நாள் எது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து நகைக்கடன். ஒரே தவணைக் கடனுக்குக் காலம் 12 மாதம். உங்கள் படிப்போ 24 மாதம். முதல் வருஷ முடிவில், சம்பளமே இல்லாத நேரத்தில், 2,24,000 ரூபாயை மொத்தமாகப் புரட்ட வேண்டும். முடியாவிட்டால் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பீர்கள். அதற்கும் முடியாமல் போனால் நகை ஏலத்துக்குப் போகும். வட்டி விகிதத்தைவிட, கடனின் காலமும் படிப்பின் காலமும் ஒத்துப்போகாததுதான் இங்கே ஆபத்து.

ஃபீஸுக்குக் கல்விக்கடன் கேளுங்கள். 4 லட்சம் வரை அடமானமோ மூன்றாம் நபர் ஜாமீனோ கேட்பதில்லை. பெற்றோரோ கணவரோ சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தவணை தொடங்கும். வருஷத்துக்கு 60,000 வீதம் வாங்கினால், 10 சதவீத வட்டியில் முதல் வருஷம் மாதம் 500 ரூபாய், இரண்டாம் வருஷம் 1,000 ரூபாய். இந்த வட்டியைப் படிக்கும்போதே கட்டிவந்தால் பல வங்கிகள் 1 சதவீதம் குறைக்கும். மேனேஜ்மென்ட் சீட் என்றால் சில வங்கிகள் தயங்கும், ஆகவே ஃபீஸ் கட்டுவதற்கு முன்பே மேனேஜரிடம் பேசுங்கள். கல்விக்கடன் வட்டிக்கான 80இ வரிச்சலுகையைச் சொல்லி ஆசை காட்டுவார்கள். பழைய வரிமுறையில் இருப்பவருக்குத்தான் அது. உங்கள் வருமானத்துக்கு வரியே வராது.

உண்மையான செலவு ஃபீஸ் இல்லை. 19,000 வீதம் 24 மாதச் சம்பளம் 4,56,000 ரூபாய். ஃபீஸையும் சேர்த்தால் 5,76,000. வேலையை விடாமலே படிக்கலாமே என்று தோன்றும். விதி விடாது: வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை கட்டாயம். பயிற்சி மட்டுமே 20 வாரம், அதில் 16 வாரம் இரண்டாம் வருஷத்தில். ‘பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும், வெளிமாநிலக் கல்லூரி’ என்று எல்லைப் பக்கம் சுற்றும் ஏஜென்டுகளிடம் பணம் கொடுத்தால், பிற்பாடு சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டுவீர்கள். தொலைநிலை பி.எட். ஏற்கெனவே ஆசிரியப் பயிற்சி முடித்தவர்களுக்கானது, உங்களுக்குப் பொருந்தாது. ஆசிரியர் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் என்.சி.டி.இ. 2025-இல் வெளியிட்ட விதிகளின் வரைவில் முதுகலைக்காரர்களுக்கு ஒரு வருஷ பி.எட். இருக்கிறது. வரைவைக் காட்டி யாராவது சீட் விற்றால், அந்தப் படிப்புக்கான அங்கீகார ஆணையைக் கேளுங்கள். உங்களுக்குக் கட்டுப்படியாகிற வழி, தெரிந்த கடைகளுக்குச் சாயங்காலம் ஜி.எஸ்.டி. கணக்குப் பார்ப்பது. மாதம் 5,000 வந்தாலும் இரண்டு வருஷத்தில் 1,20,000, ஃபீஸுக்குச் சமம்.

இனி, படித்துவிட்டு எங்கே போவீர்கள்? ஆசிரியர் லைசென்ஸ் என்று நம்மிடம் தனியாக எதுவும் இல்லை, பி.எட்.டும் தகுதித் தேர்வும்தான். வணிகவியல் பிளஸ் ஒன், பிளஸ் டூவில் மட்டுமே உள்ள பாடம். உயர்நிலைப் பள்ளியில் இடமில்லாததால், அந்த வகுப்புகள் வரைக்குமான கேரளத் தகுதித் தேர்வான கே-டெட் கோச்சிங்குக்குப் பணம் கட்ட வேண்டாம். கேரளத்தில் ஹயர் செகண்டரிக்கு எம்.காம்., பி.எட். இரண்டோடு எல்.பி.எஸ். சென்டர் என்ற அரசு நிறுவனம் நடத்தும் செட் என்ற மாநிலத் தகுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டும். பி.எட். கடைசி வருஷத்திலேயே செட் எழுதலாம், ஒரு வருஷம் மிச்சம். அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் கேரள பி.எஸ்.சி.யின் வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 40, ஓ.பி.சி.க்கு 43. முடிக்கும்போது உங்களுக்கு 36 ஆகிவிடும், ஞாபகம் இருக்கட்டும். பட்டம் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தினுடையது, அதனால் ஈக்விவலன்சி (இணைத்தகுதி) சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.

தமிழ்நாட்டுப் பக்கம் டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) நடத்தும் முதுகலை ஆசிரியர் தேர்வு: 150 மதிப்பெண்ணில் 110 உங்கள் பாடம், 30 கல்வியியல், 10 பொது அறிவு. தமிழ்த் தகுதித்தாள் தனி. ஆனால் கேரளச் சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது, பொதுப் பிரிவில்தான் போட்டி. எந்தப் பக்கம் என்று முடிவு செய்துவிட்டுக் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள்.

எய்டட் (அரசு உதவி பெறும்) பள்ளியில் நன்கொடை கொடுத்தால் வேலை என்பார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தால் பணியிட நிர்ணயத்தில் அந்த இடமே போய்விடலாம். அதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

மே மாதம் வரை கையில் நேரம் இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான யு.ஜி.சி. நெட்டை வணிகவியலில் எழுதிப் பாருங்கள். பொதுப் பிரிவுக்கு முதுகலையில் 55 சதவீதம் போதும், உங்களிடம் 58 இருக்கிறது. நெகட்டிவ் மார்க் கிடையாது. தேறினால் கல்லூரியில் கெஸ்ட் லெக்சரராகப் போக பி.எட். வேண்டாம்; கல்லூரிக் கல்வித் துறைத் துணை இயக்குநர் அலுவலகத்தில் பெயர் பதிய வேண்டும். எடுத்த வகுப்புக்குத்தான் சம்பளம், விடுமுறை மாதங்களில் கை வறளும். தேறாவிட்டாலும் படித்தது வீணில்லை, செட்டுக்கும் டி.ஆர்.பி.க்கும் பெரும்பாலும் இதே பாடம்தான்.