அதிர்வுக் கையுறை: வாங்கலாமா, செய்யலாமா? – கேள்வி பதில்

கை மறுவாழ்வுக் கருவிகள் பற்றி வந்த கேள்விகளுக்கு, இந்தத் துறையில் வேலை பார்க்கும் ஒரு பயோமெடிக்கல் பொறியாளராகப் பதில் சொல்கிறேன். மருந்து, ஊசி பற்றியதை எல்லாம் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து எட்டு மாதம் ஆகிறது. வலது கை விரல்கள் மடங்கியே இருக்கின்றன. காற்று ஊதி விரலை விரிக்கும் ரோபோ க்ளவுஸ் ஆன்லைனில் வருகிறதே, வாங்கலாமா அண்ணா?

வாங்கலாம், ஆனால் மாட்டிவிட்டு அம்மாவை சீரியல் பார்க்க விட்டுவிடாதீர்கள். அப்போது விரலை அசைப்பது பம்ப்தான், அம்மா இல்லை. மூட்டு இறுகாமல் இருக்க அது உதவும். மூளை திரும்பக் கற்றுக்கொள்ள அது மட்டும் போதாது. "விரிம்மா" என்று சொல்லி, அவர் முயற்சி செய்யும் அந்த நொடியில் க்ளவுஸ் கைகொடுக்க வேண்டும். சில மாடல்களில் நல்ல கைக்கும் ஒரு சென்சார் க்ளவுஸ் தருகிறார்கள். நல்ல கையை விரித்தால் இந்தக் கையும் விரியும். நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 90களில் கொண்டுவந்த கண்ணாடிச் சிகிச்சைக்கு (நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி பயிற்சி செய்வது) பக்கத்தில் வரும் யோசனை இது. இரண்டு வகையும் கிடைத்தால் இதையே எடுங்கள். விரல் ரொம்ப இறுக்கமாக இருந்தால் பலவந்தம் வேண்டாம். முதலில் அந்த இறுக்கத்துக்கு வைத்தியம்.

அதிர்வுக் கையுறை என்கிறார்களே, செல்போன் வைப்ரேஷன் மாதிரிதானே அதுவும்? அதனால் கை எப்படி சரியாகும்?

மாதிரி என்ன, அதே மோட்டார்தான். ஸ்ட்ரோக்கில் பலருக்கு அசைவு மட்டுமல்ல, தொடு உணர்ச்சியும் போகிறது. டம்ளரை எவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறோம் என்று தெரியாமல் நழுவ விடுவார்கள். தோலுக்கு அடியில் இருக்கும் பசினியன் உணர்விகள் 200 முதல் 300 ஹெர்ட்ஸ் அதிர்வுக்கு நன்றாக விழித்துக்கொள்ளும். நாணய வடிவில் இருக்கும் மலிவான காசு மோட்டார் சுற்றும் வேகமும் கிட்டத்தட்ட அங்கேதான் விழுகிறது.

ஸ்டான்ஃபோர்டில் கெய்ட்லின் சைம் குழு இப்படி ஒரு அதிர்வுக் கையுறையை, ஸ்ட்ரோக் வந்து நாள்பட்டவர்களுக்கு தினம் 3 மணி நேரம் என்று 8 வாரம் போட்டுப் பார்த்தது. 2021இல் முடிவு வந்தது: தொடு உணர்ச்சி கூடியது, விரல் அசைவிலும் முன்னேற்றம். கலந்துகொண்டவர்கள் 16 பேர்தான் என்பதால் நான் இதை நம்பிக்கை தரும் ஆரம்பம் என்றுதான் சொல்வேன். "கை சரியாகிவிடும்" என்று விற்பவர்களிடம் இந்த எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.

அதிர்வுக் கையுறைதான் என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சார். ஈஎஸ்பி32 கண்ட்ரோலர் போர்டு, விரல் வளைவை அளக்கும் ஃப்ளெக்ஸ் சென்சார், ஐந்து காசு மோட்டார். மோட்டார் ஓடினாலே போர்டு ரீசெட் ஆகிறது.

போர்டின் பின்னிலிருந்து (pin) மோட்டாரை நேராக ஓட்டுகிறீர்கள், இல்லையா? ஒரு மோட்டாருக்கே சுமார் 80 மில்லி ஆம்ப் வேண்டும், கிளம்பும்போது அதற்கும் மேல். போர்டின் பின் அதைத் தாங்காது. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரான்சிஸ்டர், குறுக்கே ஒரு டையோடு, சப்ளையில் ஒரு பெரிய கெப்பாசிட்டர் போடுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் இதெல்லாம் சில்லறைக் காசு.

இன்னொன்று: இந்த மோட்டாரில் வேகமும் பலமும் சேர்ந்தேதான் ஏறும். அதிர்வெண்ணை மாற்றாமல் பலத்தை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் எல்ஆர்ஏ வகை மோட்டாரும் (சுற்றாமல் முன்னும் பின்னும் ஆடுவது) அதை ஓட்டும் டிஆர்வி2605எல் சிப்பும் வாங்குங்கள். போர்டு அந்தச் சிப்போடு பேசும் ஐ2சி இணைப்பில் அதற்கு முகவரி ஒன்றே ஒன்று, மாற்ற முடியாது. ஐந்தை ஒரே வயரில் மாட்டிவிட்டு இரவெல்லாம் ப்ரோக்ராமை முறைத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒவ்வொரு சிப்பாகத் தேர்ந்தெடுத்துப் பேச நடுவில் ஒரு மல்டிப்ளெக்சர் போடுங்கள். ஃப்ளெக்ஸ் சென்சார் அளவு நாளாக ஆக நகரும், அதனால் ஒவ்வொரு முறை மாட்டும்போதும் கேலிபரேட் செய்ய வேண்டும்.

மாணவர் ப்ராஜெக்டுகளில் பெரும்பாலானவை தோற்பது எலக்ட்ரானிக்ஸில் அல்ல. உங்கள் கையில் அழகாக நுழையும் க்ளவுஸ், மூடிய முஷ்டிக்குள் நுழையவே நுழையாது. உள்ளங்கைப் பக்கம் திறந்திருக்கட்டும். விரலுக்கு ஒரு வெல்க்ரோ வளையம் போதும். ஒற்றைக் கையால் மாட்ட முடிகிறதா என்று, உங்கள் இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நீங்களே சோதியுங்கள்.

ஸ்ட்ரோக் வந்த அப்பாவுக்கு சுகரும் இருக்கிறது. க்ளவுஸ் மாட்டலாமா?

டாக்டர் சரி என்றால் மாட்டலாம். ஸ்ட்ரோக்காலோ சுகராலோ மரத்துப்போன கைக்குச் சூடும் தெரியாது, உரசலும் தெரியாது. கழற்றியதும் தோல் சிவந்திருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். சார்ஜ் போட்டபடி அணியவே கூடாது.

விலை அதிகமான ரோபோதானே நல்ல பலன் தரும்?

அப்படிச் சொல்ல முடியாது. பிரிட்டனில் 770 பேரை வைத்து நடந்த ராட்டுல்ஸ் ஆய்வு (2019) பெரிய ரோபோ பயிற்சியை வழக்கமான கவனிப்போடு ஒப்பிட்டது. கைச் செயல்பாட்டில் ரோபோ கூடுதல் பலன் தரவில்லை. எனக்குப் பிடித்தது வேலூர் சிஎம்சியும் ஐஐடி மெட்ராஸும் செய்த ப்ளூட்டோ. அணிவது அல்ல, மேசைமேல் வைப்பது. மோட்டார் ஒன்றுதான், மணிக்கட்டுக்கு ஒரு பிடி, விரல் விரிக்க ஒரு பிடி என்று கழற்றி மாட்டலாம். செலவை எங்கே குறைப்பது என்று யோசித்துச் செய்தது தெரிகிறது.

விரல் தசைநாண் அறுந்து ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். மாட்டிப் பார்க்கட்டுமா?

வேண்டாம். தைத்த நாண் இன்னும் ஆறவில்லை, காற்று க்ளவுஸ் இழுத்தால் மறுபடி அறுந்துவிடலாம். எந்த அசைவு எப்போது என்று ஆபரேஷன் செய்தவரும் உங்கள் கை தெரபிஸ்டும் சொல்லட்டும்.