கீமோ நடக்கும் குழந்தைக்குக் காய்ச்சல்: விடியும்வரை காத்திருக்கலாமா?

“ஆறு வயது மகனுக்கு ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய். கீமோ நடக்கிறது. வாய்ப்புண்ணால் சாப்பிட மாட்டேன் என்கிறான், மூன்று நாளாக மலம் போகவில்லை. போன வாரம் ராத்திரி காய்ச்சல் வந்தது; பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் போனோம். எதையெல்லாம் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்?” என்று திருவண்ணாமலையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

அம்மா, காய்ச்சலை மட்டும் வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. கீமோ மருந்து நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களையும் குறைத்துவிடும். ரத்தப் பரிசோதனையில் ஏ.என்.சி. (கிருமியோடு போராடும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களின் எண்ணிக்கை) 500க்குக் கீழே இருந்தால், கிருமி உடம்பு முழுக்கப் பரவச் சில மணி நேரமே போதும். அந்த நேரத்தில் சீழ் பிடிக்காது, வீக்கமும் அதிகம் தெரியாது. பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றுதான் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. பாராசிட்டமால் அதையும் மறைத்துவிடும்.

தெர்மாமீட்டரை அக்குளில் வையுங்கள், ஆசனவாயில் வேண்டாம். 100.4 டிகிரி காட்டினால் நடுராத்திரியானாலும் வார்டுக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். போனதும் “கீமோ நடக்கிற பிள்ளை, காய்ச்சல்” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வரிசையில் உட்கார வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏறிவிட வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால், முதல் ஊசியைப் பக்கத்தில் எங்கே போடலாம், எந்த மருந்து என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்கி ஃபைலில் வையுங்கள். ஸ்டீராய்டு சாப்பிடும் நாட்களில் காய்ச்சலே இல்லாமலும் தொற்று வரலாம். பிள்ளை நடுங்கினாலோ, துவண்டு கிடந்தாலோ, கைகால் சில்லிட்டாலோ அதே அவசரம்தான்.

மலச்சிக்கலுக்குப் பெரும்பாலும் கீமோவில் போடும் வின்கிரிஸ்டின் ஊசிதான் காரணம். குடல் நரம்புகளை மந்தமாக்கிவிடும். மூன்று நாள் ஆகிவிட்டதால் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். எழுதித் தரும் லாக்டுலோஸ் சிரப்பை விட்டுவிட்டுக் கொடுக்காமல் தினமும் கொடுங்கள். எனிமா, ஆசனவாயில் வைக்கும் மாத்திரை இரண்டும் கூடாது. சின்னக் கீறல் வழியாகவும் கிருமி ஏறும். வயிறு உப்பி வாந்தியும் வந்தால் உடனே வந்துவிடுங்கள்.

வாய்ப்புண்ணுக்கு, கொதித்து ஆறிய ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பும் ஆப்ப சோடாவும் கால் கால் டீஸ்பூன் கலந்து, ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். டாக்டர் தந்த வலி மருந்தைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு கொடுத்தால் நாலு வாய் உள்ளே போகும். ரசம், புளி, காரம் எரியும். நெய் விட்டுக் குழைத்த பருப்புச் சாதம், பாலில் ஊறிய இட்லி, ஆறிய ராகிக் கூழ் நல்லது. தண்ணீர்கூட விழுங்க முடியாவிட்டாலோ வெள்ளைத் திட்டு படிந்தாலோ காட்டிவிடுங்கள். வலிக்கென்று கடையில் இபுபுரூஃபென் வாங்க வேண்டாம், ரத்தக்கசிவு ஆபத்து உண்டு.

ஸ்டீராய்டு நாட்களில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி இட்லி கேட்பான், சட்டென்று அழுவான், அடிப்பான். திட்டாதீர்கள். மருந்து நின்றால் மெல்ல அடங்கிவிடும்.

சத்து டானிக், நிலவேம்புக் கஷாயம் எதுவானாலும் கேட்காமல் கொடுக்காதீர்கள். ஃபோலிக் அமிலம் சேர்ந்த டானிக், மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்தின் வேலையைக் கெடுக்கக்கூடும். தெருவிலோ பள்ளியிலோ யாருக்காவது சின்னம்மை போட்டு, இவன் அவர்களோடு விளையாடியிருந்தால், கொப்புளம் வரட்டும் என்று வேப்பிலை கட்டிக் காத்திருக்க வேண்டாம். தடுப்பு மருந்து சில நாட்களுக்குள் கொடுத்தால்தான் பலிக்கும். அன்றே போன் செய்யுங்கள்.