ஹெட்செட் மாட்டிக்கிட்டு ஆடுற பொண்ணுக்கு மேனேஜ்மென்ட் கோட்டா எதுக்கு?

சேலத்துல இருந்து ஒரு அக்கா நீளமா மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. பொண்ணு ப்ளஸ் டூ, சின்ன வயசுல இருந்து பரதம், இப்ப சித்தி பையனோட விஆர் ஹெட்செட்டை (கண்ணை மூடுற மாதிரி மாட்டினா கம்ப்யூட்டர் உலகத்துக்குள்ள நிக்கிற மாதிரி காட்டுற கருவி) மாட்டிக்கிட்டு இடுப்புலயும் கால்லயும் எதையோ கட்டிக்கிட்டு ராத்திரி ரூமுக்குள்ள ஆடுறா, விஆர்சாட்னு ஆளுக்கொரு பொம்மை உருவத்துல சந்திக்கிற ஆன்லைன் இடத்துல யார் யாரோ பாக்குறாங்களாம், இதுலதான் போவேன்கிறா. அவங்க வீட்டுக்காரர் பக்கம் மொத்தமும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க, கட்ஆஃப் பத்தலைன்னா நிலத்தை அடமானம் வச்சு மேனேஜ்மென்ட் கோட்டா.

பயப்படாதீங்க அக்கா, அவ கெட்டுப்போகல. ஆறுதல் அவ்ளோதான், இனிமே கொஞ்சம் கறாரா பேசுறேன்.

நிலத்து மேல கை வைக்காதீங்க. அவளுக்குப் பிடிக்காத ஒரு படிப்புக்கு நாலு வருஷம் கட்டி, அரியர் விழுந்து, கடைசில ஏதோ ஒரு வேலைக்குப் போறதுக்கு அவ்ளோ பெரிய கடன் எதுக்கு? அமெரிக்கால இருக்கிற பெரியப்பா பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்னு சொல்றார்னா, வட்டி அவரா கட்டப்போறார்? பேங்க் எக்ஸாம், பிஎஸ்சி, நர்சிங் எல்லாம் உங்க சொந்தக்காரங்களே பட்டியல் போட்டிருப்பாங்க, அது எனக்கு வேண்டாம்.

பொண்ணு கிட்டயும் ஒண்ணு சொல்லிடுங்க: "விஆர் டான்ஸர்"னு மாசச் சம்பளத்துக்கு இங்க யாரும் ஆள் எடுக்கிறதில்ல. ஆனா அவ கட்டிக்கிட்டு ஆடுறாளே, உடம்பு அசையுறதைக் கம்ப்யூட்டர் பின்தொடர்ற அந்த டிராக்கிங், அதுதான் மோஷன் கேப்சர், சுருக்கமா மோகேப். கேம், சினிமா விஎஃப்எக்ஸ் (கம்ப்யூட்டர்ல செய்யுற காட்சிகள்) எல்லாத்துலயும் ஓடுற அதே சங்கதி. 2020ல வெனிஸ் திரைப்பட விழாவோட விஆர் பிரிவுல, நடிகர்கள் அவங்கவங்க வீட்டுல இருந்தே விஆர்சாட்டுக்குள்ள லைவா நடிச்ச ஒரு நாடகம் விருது வாங்குச்சு. 2021 மார்ச்ல இங்கிலாந்தோட ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி போர்ட்ஸ்மத்ல நடிகர்களுக்கு அசைவைப் பிடிக்கிற மோகேப் சூட் மாட்டி லைவா ஒரு ஷோ பண்ணாங்க, ஜனங்க வீட்டுல உக்காந்து பாத்தாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். உடம்புல கம்ப்யூட்டருக்குத் தெரியுற இடங்கள்னு பாத்தா, ஹெட்செட்டும் ரெண்டு கை கன்ட்ரோலரும் சேர்ந்து மூணு புள்ளி, இடுப்பு, ரெண்டு பாதம் சேத்தா ஆறு. நடுவுல இருக்கிற முட்டியை சாஃப்ட்வேர் கணக்குப் போட்டு யூகிக்கும். நடக்குறதுக்கு அது போதும், அரைமண்டில உக்காந்தா போச்சு! முட்டி ரெண்டு பக்கமும் விரியணும்ல, அது நாற்காலில உக்காந்த மாதிரி முன்னாடி நீட்டும். சோனியோட மோகோபின்னு உடம்புல கட்டுற குட்டி சென்சார் செட் இருக்கே, 2023 ஜனவரில ஜப்பான்ல 49,500 யென்னுக்கு வந்தது, அதுலயும் தலை, மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால்னு ஆறே சென்சார், முட்டி அங்கயும் யூகம்தான். அதனால காசு கொட்டினா சரியாகும்னு நினைக்காதீங்க. ஸ்லைம்விஆர்ங்கிற டிராக்கர் மாதிரி தொடைல ஒண்ணு முழங்காலுக்குக் கீழ ஒண்ணுன்னு கட்டுற வகைல முட்டி மடங்குறது நேரடியா கிடைக்கும், ஓப்பன் சோர்ஸ், அதாவது டிசைன் எல்லாருக்கும் திறந்து கிடக்கு, சாலிடரிங் தெரிஞ்சா வீட்டுலயே செஞ்சுக்கலாம், பழைய போனைக்கூட டிராக்கரா கட்டலாம். ஆனா அதுல டிரிஃப்ட் இருக்கு, தப்பு சேர்ந்து சேர்ந்து கொஞ்ச நேரத்துல பாதம் வேற பக்கம் திரும்பி நிக்கும், நிமிர்ந்து நின்னு ரீசெட் அடிக்கணும், அதை ஜதிக்கு நடுவுல நேரா நிக்கிற எந்த சமபாதத்துல ஒளிச்சு வைக்கிறதுன்னு ஆடத் தெரிஞ்சவங்களுக்குத்தான் புரியும். ரூம்ல லேசர் வீசுற பெட்டி (பேஸ் ஸ்டேஷன்) வச்சு இடத்தைக் கண்டுபிடிக்கிற வைவ் டிராக்கர்ல இந்தத் தொல்லை கிடையாது, ஆனா பரத டிரெஸ்ஸோட விசிறி மடிப்பு டிராக்கரை மறைச்சா கால் எங்கயோ பறக்கும். முத்திரை இன்னொரு தலைவலி, கேமரா வச்சு விரலைப் பிடிக்கிற ஹெட்செட்ல ரெண்டு கையும் சேர்ந்து அஞ்சலி பிடிச்சா ஒரு கை காணாமப் போயிடும்.

கோடிங் மட்டும் தெரிஞ்ச பையனுக்கு அந்த முட்டி தப்புன்னே கண்ணுல படாது. உங்க பொண்ணுக்குப் படும். நீங்க கட்டின பத்து வருஷ டான்ஸ் கிளாஸ் ஃபீஸ் இங்கதான் காசாகுது.

படிப்பா? சென்னை தரமணில எம்ஜிஆர் அரசு திரைப்படக் கல்லூரில அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ்னு நாலு வருஷ பிவிஏ டிகிரி இருக்கு. அரசுக் கட்டணம். என்ஜினியரிங் கவுன்சிலிங்ல இது வராது, தனியா விண்ணப்பம் போடணும், சீட்டு கம்மி, அறிவிப்பு வர்றதைப் பாத்துக்கிட்டே இருங்க. "நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்"னு போர்டு மாட்டிக்கிட்டு லட்சக்கணக்குல டிப்ளமோ விக்கிற இடங்கள் பக்கம் மட்டும் போயிடாதீங்க, மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு அது ஒண்ணும் தேவலை இல்ல.

புதுசா எந்த டிராக்கரும் இப்ப வாங்க வேண்டாம். பிளெண்டர்ங்கிற அனிமேஷன் சாஃப்ட்வேர் இலவசம், அமெரிக்காவோட கார்னகி மெலன் யுனிவர்சிட்டி மோகேப் டேட்டாவை சும்மாவே குடுக்குது, லீவுல அதை வச்சு, திரைல உருவத்தோட கால் தரைல வழுக்குறதை சரி பண்ணிப் பழகட்டும். அந்த வேலைக்கு கிளீனப்னு பேரு, ஸ்டுடியோல புதுசா சேர்றவங்களுக்கு முதல்ல தலைல விழுறது அதுதான். ரெண்டு மாசத்துல போர் அடிச்சுதுன்னா அவளுக்குப் பிடிச்சது ஆட்டம் மட்டும்தான்னு தெரிஞ்சிடும், அப்ப நட்டுவாங்கமோ டான்ஸ் டிகிரியோ பேசலாம், அப்பவும் கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்ல. அப்புறம், ராத்திரி யாரோட ஆடுறான்னு கேளுங்க. விஆர்சாட்ல பெரியவங்களும் இருப்பாங்க, சொந்தப் பேரும் ஊரும் வெளில போகக் கூடாது, அதுல கண்டிப்பா இருங்க.

ஷோரீல், அதாவது வேலை கேக்கும்போது காட்டுற வீடியோ, ஒரு நிமிஷம் போதும். முட்டி தப்பாப் போன டேக்கையும் அவ சரி பண்ணின டேக்கையும் பக்கத்துல பக்கத்துல போடச் சொல்லுங்க, ஆள் எடுக்கிறவங்க பாக்குறது அதைத்தான்.