ஜூம் பண்ணா ஃபோக்கஸ் போகுதா? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, கேம்கார்டர்ல மேனுவல் ஃபோக்கஸ் வச்சு எடுக்குறேன், வைட்ல பளிச்சுனு இருக்கு, ஜூம் இன் பண்ணதும் ஆள் மூஞ்சி மங்கிடுது. ஏன்?

நீங்க வைட்ல ஃபோக்கஸ் வைக்கிறீங்க தம்பி, அதான். வைட்ல டெப்த் ஆஃப் ஃபீல்டு, அதாவது ஷார்ப்பா தெரியுற ஆழம், ரொம்ப அதிகம், ஃபோக்கஸ் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் கண்ணுக்கு தெரியாது, டெலிக்கு, அதாவது ஜூம் இன் பக்கம், போனதும்தான் அந்த தப்பு வெளிய வரும். ஷாட்டுக்கு முன்னாடி முழுசா ஜூம் இன் பண்ணி கண் இமை முடி தனித்தனியா தெரியுற வரைக்கும் ரிங்கை திருப்புங்க, அப்புறம் ஜூம் அவுட் பண்ணி உங்களுக்கு வேணும்ங்கிற ஃப்ரேமுக்கு வந்துடுங்க, ரிங்கை தொடாதீங்க. ஆள் முன்னாடியோ பின்னாடியோ நகர்ந்தா மறுபடி முதல்ல இருந்து.

கேள்வி: நான் அப்படித்தான் பண்றேன் ப்ரோ, ஆனா மிரர்லெஸ் கேமரால 24-105 ஜூம் லென்ஸ் போட்டு ஜூம் பண்ணா அப்பவும் போகுதே?

உங்க மேல தப்பில்ல, லென்ஸோட குணம் அது. ஸ்டில் எடுக்குற ஜூம் லென்ஸ் பெரும்பாலும் வேரிஃபோக்கல், ஜூம் பண்ணி ஃபோக்கல் லெங்த் மாறுனா ஃபோக்கஸும் சேர்ந்து நகரும். போட்டோ எடுக்குறவங்க ஒவ்வொரு க்ளிக்குக்கும் புதுசா ஃபோக்கஸ் பண்றதால அவங்களுக்கு அது ஒரு பிரச்சனையே இல்ல. ஜூம் முழுக்க ஃபோக்கஸ் நிக்கிறது பார்ஃபோக்கல் லென்ஸ், ஃபுஜினான் எம்கே 18-55 மாதிரி வீடியோவுக்குன்னே பண்ணது, ஆனா விலையும் வெயிட்டும் ஏறும். இருக்குற லென்ஸை வச்சே பண்ணனும்னா ஐரிஸை (லென்ஸுக்குள்ள வெளிச்சம் வர்ற துளை) எஃப்8 கிட்ட மூடி மெதுவா ஜூம் பண்ணுங்க, இல்லன்னா ஜூமே வேணாம், ரெண்டு ஷாட்டா எடுத்து கட் பண்ணிடுங்க. என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் நல்லா இருக்கும்.

கேள்வி: ஷோல்டர் கேமரால டெலில ஷார்ப், வைட் வந்தா சாஃப்ட். சார், லென்ஸ் போச்சா?

போகல, பயப்படாதீங்க. முதல்ல ரொம்ப கிட்ட எடுக்குறதுக்கான மேக்ரோ ரிங் தெரியாம திரும்பியிருக்கான்னு பாருங்க, பாதி கேஸ் அங்கேயே முடிஞ்சிடும். அது சரியா இருந்தா பேக் ஃபோக்கஸ் நகர்ந்திருக்கு, அதாவது லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவுல இருக்க வேண்டிய தூரம் ஒரு துளி மாறியிருக்கு. நட்சத்திரம் மாதிரி கோடு நடுவுல கூடுற சார்ட்டை மூணு மீட்டர் தள்ளி மாட்டுங்க, ஐரிஸை மேனுவல்ல போட்டு முழுசா திறங்க, வெளிச்சம் அதிகமா இருந்தா வெளிச்சத்தை குறைக்கிற என்டி ஃபில்டர் போடுங்க, ஐரிஸை மட்டும் மூடிடாதீங்க, மூடுனா டெப்த் கூடி தப்பு ஒளிஞ்சிக்கும். டெலில போய் முன்னாடி இருக்குற ஃபோக்கஸ் ரிங்ல ஷார்ப் பண்ணுங்க, வைட் வந்து ஃபோக்கஸ் ரிங்கை விட்டுட்டு பேக் ஃபோக்கஸ் ஸ்க்ரூவை லூஸ் பண்ணி அந்த ரிங்கை திருப்பி ஷார்ப் பண்ணுங்க, திரும்ப டெலி, திரும்ப வைட், ரெண்டு பக்கமும் அசையாம நிக்கிற வரைக்கும் பண்ணிட்டு ஸ்க்ரூவை நல்லா டைட் வச்சிடுங்க. லென்ஸ் கழட்டி மாட்டுனா, கேமரா எங்கயாவது இடிபட்டா மறுபடி செக் பண்ணனும்.

கேள்வி: இவ்ளோ எதுக்கு, ஆட்டோல விட்டா ஆகாதா?

நல்ல வெளிச்சம், ஒரே ஆள்னா தாராளமா விடலாம். லைட் கம்மி, குறுக்க ஆள் போறாங்கன்னா அது தேட ஆரம்பிச்சிடும், அந்த ஷாட் அவ்ளோதான். அமுக்குனா மட்டும் ஆட்டோ ஃபோக்கஸ் பண்ற புஷ் ஆட்டோ பட்டன் இருந்தா டெலில போய் ஒரு தடவை அமுக்கி விட்டுட்டு மேனுவல்லயே இருங்க.

கேள்வி: மோதிரத்தை க்ளோஸா எடுக்க முழு ஜூம் பண்ணா ஃபோக்கஸே ஆகல அண்ணா.

கேம்கார்டர்ல வைட்ல லென்ஸ் ஓரமா வச்சாலே ஃபோக்கஸ் ஆகும், டெலில பெரும்பாலும் ஒரு மீட்டராவது தள்ளி இருக்கணும். பின்னாடி போங்க, இல்ல வைட்ல வச்சு கிட்ட போங்க.

கேள்வி: பார்ஃபோக்கல்னு சொல்லித்தான் வாங்குனேன், அடாப்டர் போட்டு மாட்டுனா நிக்க மாட்டேங்குது.

அடாப்டரை சந்தேகப்படுங்க. லென்ஸ் மாட்டுற மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் நடுவுல கேனான் இஎஃப் மவுண்ட்டுக்கு 44 மில்லிமீட்டர் தூரம் வேணும், சோனி இ மவுண்ட்டுக்கு 18, அப்போ அடாப்டர் கரெக்டா 26 இருக்கணும். மலிவான அடாப்டர் இன்ஃபினிட்டி (ரொம்ப தூரத்துல ஃபோக்கஸ்) கிடைக்கட்டும்னு ஒரு துளி குறைவா வரும், ஸ்டில்லுக்கு ஒண்ணும் தெரியாது, ஜூம்ல பேக் ஃபோக்கஸ் போன மாதிரியே ஆகிடும். அட்ஜஸ்ட் ஸ்க்ரூ இருந்தா மேல சொன்ன டெலி வைட் முறையிலேயே செட் பண்ணுங்க, இல்லன்னா ஷிம்னு சொல்ற மெல்லிசான தகடு வச்சு தடிமனை சரி பண்ணலாம்.