பழைய காருக்கு புது ஸ்டீரியோ: எந்த டூல் வாங்கலாம்? உங்க கேள்விகளுக்கு பதில்

பழைய கார்ல புது ஸ்டீரியோ மாட்ட என்னென்ன டூல் வேணும்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, ஒவ்வொண்ணா வரேன். ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன், நாம பண்ற வேலை எதுவா இருந்தாலும் பின்னாடி கழட்டி கார பழையபடி ஆக்க முடியணும், அதுக்கு தோதான டூல தான் சொல்லுவேன்.

கேள்வி: அண்ணே, பெரிய டூல் கிட் ஒண்ணு வாங்கிட்டா போதுமா?

வேண்டாம் தம்பி, அதுல பாதி பெட்டிய விட்டே வெளிய வராது. ரெண்டே ரெண்டுக்கு காசு பாக்காதீங்க: ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், அப்புறம் ராட்செட் வெச்ச கிரிம்பிங் டூல் (வயர் முனைல கனெக்டர அழுத்தி இறுக்குறது). மீதியெல்லாம், அதாவது வயர் ஸ்ட்ரிப்பர், குட்டை ஸ்க்ரூடிரைவர், டேஷ்போர்டு மூடிய நெம்பி எடுக்கற பிளாஸ்டிக் ட்ரிம் டூல், சூடு காட்டினா சுருங்கி ஜாயின்ட்ட மூடிக்கற ஹீட் ஷ்ரிங்க் ட்யூப், தலைல மாட்டுற லைட், இதெல்லாம் சாதாரணமானதே போதும். ட்ரிம் டூல் மட்டும் இரும்புல வாங்காதீங்க, பழைய டேஷ்போர்டு பிளாஸ்டிக் காஞ்சு போயிருக்கும், நெம்புனா பொட்டுனு உடையும், நெம்புறதுக்கு முன்னாடி ஹேர் டிரையர்ல லேசா சூடு காட்டுங்க.

கேள்வி: எங்கிட்ட டெஸ்ட் லேம்ப் இருக்கு, மல்டிமீட்டர் அவசியமா?

அவசியம். டெஸ்ட் லேம்ப் கரண்ட் வருதுன்னு சொல்லும், ப்ளஸ்ஸா மைனஸான்னு சொல்லாது, எத்தன வோல்ட்னும் சொல்லாது. பழைய கார்ல இந்த ரெண்டும் தான் உயிர். அறுபதுகள் வரைக்கும் வந்த நிறைய பிரிட்டிஷ் கார்கள்ல பாடியோட சேர்ந்திருக்கறது பேட்டரியோட ப்ளஸ், இத பாசிட்டிவ் எர்த்னு சொல்லுவாங்க. பழைய பீட்டில் மாதிரி வண்டிகள்ல 6 வோல்ட் பேட்டரி வேற. மீட்டர்ல சிவப்பு ப்ரோப, பாடியோட சேராத பேட்டரி முனைல வெச்சு, கறுப்ப பெயின்ட் இல்லாத பாடி இரும்புல வைங்க, எண்ணுக்கு முன்னாடி மைனஸ் வந்துச்சுன்னா அது பாசிட்டிவ் எர்த் வண்டி. இத பாக்காம ஒரு வயர கூட தொடாதீங்க.

கேள்வி: என் வண்டி பாசிட்டிவ் எர்த் தான் சார். சிவப்பையும் கறுப்பையும் மாத்தி குடுத்தா ஓடிடாதா?

ஓடாது, ஷார்ட் ஆகும். இப்போ வர்ற ஸ்டீரியோவோட இரும்பு கூடு, ஆன்டெனா வயரோட வெளி வலை எல்லாமே மைனஸ். அது டேஷ்ல பட்ட நிமிஷம் பேட்டரியோட ரெண்டு பக்கமும் நேரடியா சேர்ந்துடும். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, வண்டியவே நெகட்டிவ் எர்த்துக்கு மாத்தறது, அதுக்கு பேட்டரிய திருப்பி போட்டு, டைனமோவ (பேட்டரிய சார்ஜ் பண்றது) புது ப்ளஸ்-மைனஸுக்கு பழக்கி, இக்னிஷன் காயில் வயரயும் ஆம்மீட்டர் வயரயும் மாத்தணும். இன்னொண்ணு, உள்ளயும் வெளியவும் எர்த் சேராத ஐசொலேட்டட் கன்வெர்ட்டர் வாங்குறது, 6 வோல்ட் பாசிட்டிவ் எர்த் வண்டிக்கும் 12 வோல்ட் குடுக்கற மாதிரி கிடைக்குது. வண்டி ஒரிஜினலா இருக்கணும்னு நெனச்சா இரண்டாவது வழிதான் என் ஓட்டு.

கேள்வி: ஓட்டை சின்னதா இருக்கு, டேஷ்ல வெட்ட எந்த கட்டர் நல்லது?

எந்த கட்டரும் வேண்டாம், கெஞ்சி கேக்கறேன். புது ஸ்டீரியோவுக்கு 182க்கு 53 மிமீ ஓட்டை வேணும், பழைய ரேடியோவுக்கு ரெண்டு பக்கம் ரெண்டு குமிழ் தண்டு, நடுவுல சின்ன ஜன்னல். வெட்டின டேஷ திரும்ப ஒட்டவே முடியாது, அந்த காலத்து டேஷ் தேடி கண்டுபிடிக்கறதும் லேசுப்பட்ட காரியம் இல்ல. கட்டருக்கு பதிலா ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கி ரெண்டு தண்டுக்கும் நடுவுல எவ்வளவுன்னும், பின்னாடி ஆழம் எவ்வளவுன்னும் அளந்து வெச்சுக்கோங்க, அதே அமைப்புல ப்ளூடூத்தோட ரேடியோ வருது. அதுவும் பொருந்தலைன்னா பழைய ரேடியோவ அலங்காரத்துக்கு அப்படியே விட்டுட்டு சீட்டுக்கு அடியில ப்ளூடூத் ஆம்ப்ளிஃபையர் வெச்சிடுங்க. தண்டுல இருக்கற நட்டுக்கு நீள சாக்கெட் தேவை, பிளையர்ல திருகினா முகப்பு கீறிடும்.

கேள்வி: 10, 12 மிமீ ஸ்பேனர் செட் இருக்கு, அது போதுமா?

ஜெர்மன், ஜப்பான் வண்டின்னா போதும். பிரிட்டிஷ், அமெரிக்க வண்டின்னா இன்ச் அளவு, 7/16, 1/2 இதெல்லாம் வேணும், ரொம்ப பழைய பிரிட்டிஷ் வண்டில விட்வொர்த்ங்கற பழைய பிரிட்டிஷ் அளவும் இருக்கும். கிட்டத்தட்ட பொருந்துதேன்னு மிமீ ஸ்பேனர் போட்டா நட்டு முனை மழுங்கிடும். ஜப்பான் வண்டி ஸ்க்ரூவுக்கு சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் சரியா உக்காராது, ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) முனை வாங்குங்க.

கேள்வி: சால்டரிங்கா கிரிம்பிங்கா? வீட்ல சண்டையே நடக்குது.

கிரிம்ப் தான். சால்டர் வயருக்குள்ள ஊறி அந்த இடம் விறைப்பா ஆயிடும், வண்டி அதிர்றப்போ அந்த விறைப்பு முடியற இடத்துல வயர் ஒடியும். அதுவும் டேஷுக்கு அடியில மல்லாந்து படுத்துக்கிட்டு சூடான சால்டர் முகத்துல சொட்டுற வேலைய யாருக்கும் சொல்ல மாட்டேன். ராட்செட் கிரிம்பர் முழுசா அழுத்தினா தான் விடும், அதனால ஒவ்வொரு ஜாயின்ட்டும் ஒரே மாதிரி வரும். போட்டதும் கையால இழுத்து பாருங்க. பழைய துணி சுத்தின வயர மட்டும் ரொம்ப மடக்காதீங்க, உறை பொடிப்பொடியா உதிரும். அத தொடாம, பேட்டரில இருந்து தனியா ஒரு வயர் இழுத்து, பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ் போடுங்க.

கேள்வி: பழைய ஸ்பீக்கருக்கு ஒரே வயர் தான் வருது, இன்னொன்ன பாடில குடுத்துடலாமா?

கூடாதுங்க! புது ஸ்டீரியோல ஸ்பீக்கரோட ரெண்டு வயர்லயும் சிக்னல் இருக்கு, மைனஸ் வயர பாடில தொட்டா உள்ள ஆம்ப்ளிஃபையர் ஐசி போயிடும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ரெண்டு வயர் புதுசா இழுங்க.

கேள்வி: மாட்டிட்டேன், ஆனா ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா உய்ய்னு சத்தம் வருது.

முதல்ல எர்த். மீட்டர வோல்ட்ல வெச்சு எஞ்சின் ஓடறப்போ ஸ்டீரியோவோட கறுப்பு வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல பாருங்க, பூஜ்யத்துக்கு பக்கத்துல இருக்கணும், அரை வோல்ட் காட்டினா எர்த் போல்ட் இருக்கற இடத்த சுரண்டி பெயின்ட், துரு எல்லாம் எடுத்துட்டு இறுக்குங்க. அதுக்கப்புறமும் வந்தா ரெசிஸ்டன்ஸ் உள்ள ப்ளக் வயர் போடுங்க, டைனமோவோட பெரிய முனைல, அதாவது கரண்ட் வெளிய வர்ற முனைல, சத்தத்த அடக்கற ஒரு சப்ரெஸர் கண்டென்சர் வைங்க. சின்ன முனையான ஃபீல்டுல தப்பித்தவறி கூட வெச்சிடாதீங்க, ரெகுலேட்டர் பாயின்ட் எரிஞ்சு போயிடும்.